லிசார்தோவின் வாளி

செப்டம்பர் 19, வெள்ளி. இன்றைய தவறு: வாளியைத் திறந்து பார்த்தேன், எந்தத் தண்ணீரிலிருந்து வந்தது என்று கேட்கவில்லை. சின்னத் தவறு என்று முதலில் எழுதினேன். பிறகு "சின்ன" என்பதை அடித்தேன். இப்போது அடித்தது சரியா என்றும் தெரியவில்லை.

நோட்டில் இப்படி எழுதத்தான் மாலை வகுப்பில் பழக்கியிருந்தார்கள். நாளுக்கு ஒரு தவறு, மறுநாளுக்கு ஒரு வேலை. சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர்களுக்கான அந்த வகுப்பில் சபேலாதான் இளையவள். மற்றவர்கள் சான்றிதழுக்காக வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். அவள் சொன்னதையெல்லாம் செய்தாள். செய்த பிறகு ஒழுங்காகச் செய்தோமா என்று திரும்பப் போய் அடுப்பின் திருகைத் தொட்டுப் பார்த்தாள்.

அவள் சமைக்கும் ஒயின் பார் அம்மா டொசிந்தாவுடையது. மோவாஞா என்ற கடற்கரை ஊரில் படகுத்துறைக்கு எதிரே இருந்தது. கதவைத் திறந்தால் விரிகுடாவும், அதில் கறுப்புக் கட்டில்கள் போட்டதுபோல வரிசையாக நிற்கும், கயிறு தொங்கவிட்டுச் சிப்பி வளர்க்கும் தெப்பங்களும் தெரியும். வெள்ளிக்கிழமை மதியம் அங்கே முழங்கை வைக்க இடம் கிடைக்காது. ஒயின் வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் வரும். கேட்காமலே கூடவே ஒரு தட்டும் வரும். வெள்ளிக்கிழமை அந்தத் தட்டில் சிப்பிதான். அது லிசார்தோவின் சிப்பி என்பது ஊருக்கே தெரியும்.

லிசார்தோ தன் அப்பா காலத்துத் தெப்பத்தை வைத்துப் பிழைப்பவர். ஐம்பது வயது, குரல் மட்டும் இரண்டு ஆள் அளவு. போன வெள்ளிக்கிழமைகூட, வெல்டிங் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எலாடியோ சூப்பர் மார்க்கெட்டில் ஒரு பை சிப்பி வாங்கியதைக் கேள்விப்பட்டு பார் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்: "காசு குடுத்து சிப்பி வாங்கினியா? இந்த ஊர்ல பொறந்துட்டு? உன்னையெல்லாம் படகுல ஏத்தி நடுக்கடல்ல எறக்கிவிடணும்யா!"

எலாடியோ கிண்ணத்தை நக்கிவிட்டு, "எறக்கிவிடு. உன் சத்தம் கேக்காத எடம் அது ஒண்ணுதான்" என்றார்.

இன்று காலை அதே லிசார்தோ பின்வாசலில் வாளியை வைத்துவிட்டு, காபி வேண்டாம் என்று சொல்லி, சபேலாவின் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டார். அவள் ஈரத்துணியை விலக்கினாள். சிப்பிகள் பளபளவென்று இருந்தன. வழக்கமாக அவர் கொண்டுவருவதில் பாசியும் சின்ன நண்டுகளும் ஒட்டியிருக்கும். ஓட்டின் ஓரத்தில் தாடிபோலத் தொங்கும் நாரைப் பிய்த்துப் பிய்த்து அவளுக்கு நகம் நோகும். இன்று ஒன்றிலும் தாடி இல்லை. வேலை மிச்சம் என்று அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிரிஞ்சி இலை போட்டு மூடி வேகவைத்தாள். ஓடுகள் வாய் திறந்ததும் எலுமிச்சை பிழிந்து தட்டுத் தட்டாக முன்னே அனுப்பினாள். பானையின் அடியில் தங்கிய சாற்றை டொசிந்தா ஒரு குவளையில் ஊற்றிக்கொண்டாள். அது அவளுடைய பங்கு. வாடிக்கையாளர் யாருக்கும் கிடையாது. ஒரு சொட்டு வெள்ளை ஒயின் விட்டு, கண்ணை மூடிக் குடித்து, "ஆகா, இதுக்காகவே இந்தக் கடைய மூடாம வெச்சிருக்கேன்" என்பாள். இன்றும் சொன்னாள். இரண்டாவது குவளையும் ஊற்றிக்கொண்டாள்.

பார் நிறைந்திருந்தது. ஓடுகள் தரையில் விழுந்து நொறுங்கின. ஒருவர் பொரித்த பச்சை மிளகாய் கேட்டார், ஒருவர் ஆக்டோபஸ் கேட்டார். எலாடியோ மூன்று பேருடைய தட்டிலிருந்து சிப்பி எடுத்துத் தின்றுகொண்டே யாரும் தனக்குத் தருவதில்லை என்று குறைபட்டுக்கொண்டிருந்தார். சபேலாவும் நின்றபடியே இரண்டு வாயில் போட்டாள். நல்ல ருசி.

அப்போதுதான் முடிதிருத்தகம் வைத்திருக்கும் ஒதிலியா உள்ளே வந்தாள். கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. தட்டைப் பார்த்தாள்.

"ஏதுடி சிப்பி?"

"லிசார்தோ கொண்டாந்தாரு."

"வெளையாடாத. சிப்பி எடுக்கக் கூடாதுன்னு நம்ம பக்கத்துத் தெப்பத்த பூரா மூடிட்டாங்க. கடல் செவந்துருச்சாம். காலைல ரேடியோல சொன்னான். என் கடைக்கு வந்த பொம்பளைங்களும் அதத்தான் பேசிட்டிருந்தாங்க."

சபேலாவின் கையிலிருந்த கரண்டி நின்றது.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் இதைத்தான் நடத்தியிருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு பாசி கடலில் பெருகும். சிப்பி அதைத் தின்று விஷத்தைத் தனக்குள் சேர்த்து வைக்கும். சிப்பிக்கு ஒன்றும் ஆகாது. வேகவைத்தாலும் விஷம் சாகாது. வாசனை மாறாது, ருசி மாறாது. சாற்றிலும் இறங்கும். முதலில் உதடு கூசும், பிறகு விரல்நுனி மரக்கும். முற்றினால் மூச்சு விடும் தசைகள் நின்றுபோகும். எந்தத் தெப்பம் திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று தினமும் அறிவிப்பு வரும், தினமும் பாருங்கள் என்று ஆசிரியை சொன்னார். சபேலா புதன்கிழமை காலையில் பார்த்தாள், எல்லாம் திறந்திருந்தது. நேற்று பார்க்கவில்லை. இன்று உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்கோ ஆஸ்துமா. மேலங்கிப் பையில் மருந்துக் குழல் இல்லாமல் தெரு முனைக்குக்கூடப் போகமாட்டாள். இருக்கிறவர்களிலேயே அதிகம் உள்ளே போயிருப்பது அவளுக்குத்தான். இரண்டு குவளை.

சபேலா போனை எடுத்தாள். அறிவிப்பைத் தேடும்போது விரல் தவறித் தவறி வேறெங்கோ பட்டது. லிசார்தோவின் தெப்பம் இருக்கும் பகுதிக்கு நேராக "மூடப்பட்டது" என்று இருந்தது. லிசார்தோவை அழைத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தாள்.

"அம்மா, எல்லார்கிட்டயும் சொல்லணும்."

"என்னத்தச் சொல்லப்போற? வெள்ளிக்கெழம மத்தியானம், கூட்டம் நிக்குது. லிசார்தோ நமக்கு வெஷம் குடுப்பானா? வாய மூடிட்டு மொளகாயப் பொரி."

"அம்மா, நீ ரெண்டு குவள குடிச்சிருக்க."

டொசிந்தா வெறுங்குவளையைப் பார்த்தாள்.

தான் கத்தினால் ஒன்றுமில்லாததற்குக் கத்தியதாகிவிடுமோ என்று சபேலாவுக்குத் தோன்றியது. கத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தோன்றியது. வாய் வறண்டது. வறட்சியா, இல்லை அதுவேதானா? நாக்கால் உதட்டைத் தடவிப் பார்த்தாள்.

"சிப்பிய யாரும் தொடாதீங்க!" அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "தட்டக் குடுங்க. எல்லாத்தையும் குடுங்க. மூடின தெப்பத்துலேர்ந்து வந்திருக்கலாம். யாரும் வீட்டுக்குப் போகாதீங்க, இங்கயே இருங்க. ஒதடு கூசினா சொல்லுங்க."

எல்லோரும் ஒரே சமயத்தில் உதட்டைத் தொட்டார்கள்.

"எனக்கு அம்பது வருஷமா மரத்துப்போய்தான் கெடக்கு" என்றார் எலாடியோ. "என் பொண்டாட்டியக் கேளு." யாரும் சிரிக்கவில்லை. அவரும் மேற்கொண்டு தின்னவில்லை.

சுவரோரம் நின்ற ஒருவர், "எனக்கு எரியுது. சத்தியமா எரியுது" என்றார். முகம் வெளுத்திருந்தது. ஒதிலியா அவருடைய தட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "மொளகாயத் தின்னுட்டு எரியுதுங்கறான் பாரு" என்றாள். ஆனால் அவளுடைய கை கழுத்துச் சங்கிலியை இறுகப் பிடித்திருந்தது.

சபேலா சுகாதார நிலையத்தை அழைத்தாள். எடுத்த செவிலி பதறாமல் கேட்டார்: எத்தனை பேர், எப்போது சாப்பிட்டார்கள், எங்கே பிடித்த சிப்பி, பையில் தொங்கும் விவரச் சீட்டில் என்ன போட்டிருக்கிறது?

"சீட்டு இல்ல. வாளில வந்துச்சு. அம்மாவுக்கு ஆஸ்துமா வேற."

மறுமுனையில் எழுதும் சத்தம் கேட்டது. "சரிம்மா. ஆம்புலன்ஸ் வண்டி அனுப்புறேன். ஆஸ்துமா இருக்கறவங்களத் தனியா விடாதீங்க. கொண்டாந்த ஆள எப்பிடியாவது கண்டுபிடிங்க. எந்தத் தண்ணின்னு தெரிஞ்சாதான் இங்க தயாரா இருக்க முடியும்."

திரும்பினாள். டொசிந்தா பீப்பாயின் மேல் உட்கார்ந்திருந்தாள். வேலை நேரத்தில் அவள் உட்கார்ந்து சபேலா பார்த்ததில்லை. வலது கையை இடது கையால் பிசைந்துகொண்டிருந்தாள்.

"வெரல் ஒரு மாதிரி இருக்கு."

"எந்த மாதிரி?"

"தெரியலடி. என் வெரல் மாதிரி இல்ல."

பிறகு அந்தச் சத்தம் வந்தது. பூட்டிய கதவின் இடுக்கில் காற்று நுழைவது போன்ற விசில். சபேலா சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த சத்தம் அது. மருந்துக் குழலை எடுத்து அம்மாவின் வாயில் வைத்து அழுத்தினாள். ஒரு முறை. இன்னொரு முறை. விசில் நிற்கவில்லை. இது வழக்கமான இழுப்பா, பயத்தின் இழுப்பா, அல்லது தசைகள் ஒவ்வொன்றாக ஓய்வதா? மூன்றுக்கும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே முகம்தான். டொசிந்தா மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடியில் பலம் இருக்கிறதா என்று சபேலா பார்த்தாள். இருந்தது. ஆனால் குறைகிறதோ?

முன்கதவு திறந்தது. லிசார்தோ. வழக்கம்போல மதிய ஒயினுக்கு வந்திருந்தார்.

"என்ன, எழவு வீடு மாதிரி இருக்கு? ஒரு கிண்ணம் ஊத்தும்மா."

ஒதிலியா பாய்ந்தாள். "வந்துட்டான் பாரு கொலகாரன்! மூடின தெப்பத்துல அறுத்து எல்லார் வாயிலயும் போட்டியா?"

"யாரு? நானா?" லிசார்தோவின் முகம் கழுத்துவரை சிவந்தது. "என் சிப்பியக் கொற சொல்றியா? எங்கப்பா காலத்துலேர்ந்து என் தெப்பத்துச் சிப்பியத் தின்னு எவனாச்சும் வயித்த வலின்னு சொல்லியிருக்கானா?"

"அப்ப இது உன் தெப்பத்துதா?" என்றார் எலாடியோ. அந்தக் குரலில் கேலி இல்லை.

"பின்ன யாரோடது?"

சபேலா அம்மாவை விட்டு நகராமல், அங்கிருந்தே கேட்டாள்:

"லிசார்தோ, அம்மா ரெண்டு குவள சாறு குடிச்சிருக்கா. மூச்சு இழுக்குது பாருங்க. வண்டி வருது. எந்தத் தண்ணின்னு கேக்கறாங்க. உங்க தெப்பம்னா அதையே சொல்லிடறேன். சொல்லட்டுமா?"

அவர் டொசிந்தாவைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். பாரில் இருந்த அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தார்.

"சொல்லிடட்டுமா?"

"வாங்கினது" என்றார்.

"என்னது?"

"வாங்கினது! காசு குடுத்து வாங்கினது!" குரல் உடைந்தது. "என் பக்கத்த நேத்தே மூடிட்டாங்க. நான் யாருகிட்டயும் சொல்லல. வெள்ளிக்கெழம நான் வெறுங்கையோட வந்ததே இல்ல. அக்கரைல விகோவுக்குப் போய், சிப்பியச் சுத்தம் பண்ணி விக்கற சுத்திகரிப்புக் கூடத்துல வாங்கி, பைய அறுத்து வாளில கொட்டினேன். வடக்க இருந்து வந்ததுன்னு சொன்னான். அங்க மூடல."

"பை எங்க?"

"வண்டில. உக்கார்ற எடத்துக்கு அடில."

எலாடியோ அந்த வயதிலும் ஓடினார். மஞ்சள் வலைப்பையோடு திரும்பி வந்தார். அதில் சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. சபேலா அதில் இருந்த இடத்தையும் நாளையும் கூடத்தின் எண்ணையும் போனில் படித்தாள். கடல் தண்ணீரில் நனைந்த எழுத்து, இரண்டு முறை தவறாகப் படித்துத் திருத்தினாள். செவிலி கணினியில் தட்டிப் பார்த்தார்.

"அது தெறந்த எடம்தாம்மா. பரிசோதனையும் ஆயிருக்கு. வண்டி வரட்டும், அம்மாவப் பாக்கட்டும். மத்தவங்க பயப்பட வேண்டாம்."

காலையில் பளபளவென்று இருந்த ஓடுகள் சபேலாவுக்கு நினைவு வந்தன. லிசார்தோ வாழ்நாளில் ஒரு சிப்பிக்கும் தாடி பிய்த்தவரில்லை. கூடத்தில்தான் பிய்த்துத் தருவார்கள். அவள் கையிலேயே இருந்திருக்கிறது பதில்.

வண்டி வந்தது. டொசிந்தாவுக்கு முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக விசில் தேய்ந்தது. இழுப்புதான், வேறொன்றுமில்லை என்றார் வந்த டாக்டர். அவர் அதைச் சொல்லும்வரை பாரில் யாரும் கிண்ணத்தைத் தொடவில்லை. லிசார்தோ கதவருகே தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

எலாடியோ மிச்சமிருந்த ஒரு தட்டைத் தன் பக்கம் இழுத்து, ஆறிப்போன சிப்பி ஒன்றை எடுத்து மென்றார்.

"காசு குடுத்து வாங்கினதா?" என்றார். "அதான் பாத்தேன். இன்னிக்கு ருசியா இருந்துச்சு."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். சத்தம் தேவைக்கு மேல் பெரிதாக இருந்தது. லிசார்தோவும் சிரிக்கப் பார்த்தார், முகம் ஒத்துழைக்கவில்லை. டொசிந்தா முகமூடியை விலக்கி, "அவனுக்கு ஒரு கிண்ணம் ஊத்துடி" என்றாள்.

சபேலா ஊற்றினாள். கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினாள். டாக்டர் சொன்னதும் சீட்டு சொன்னதும் அவள் தலைக்குத் தெரியும். ஆனாலும் சாயங்காலம்வரை நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டே இருந்தாள். அம்மா மேலே படுத்திருந்தபோது, அவள் மூச்சைக் கேட்பதற்காகவே மூன்று தடவை படியேறினாள்.

நோட்டில் தவறை எழுதி முடித்ததும் கீழே கோடு போட்டாள். வாளியையே இனி வாங்கக் கூடாது என்று எழுத நினைத்தாள். கதவருகே சுருண்ட அந்தத் தொப்பி ஞாபகம் வந்தது. இப்படி எழுதினாள்:

நாளைய வேலை: காலையில் கடையைத் திறக்கும் முன் அறிவிப்பைப் பார்க்க வேண்டும். பிறகு படகுத்துறைக்குப் போய் லிசார்தோவிடம் சொல்ல வேண்டும்: இனி வாளி வரலாம், சீட்டோடு வர வேண்டும். அவர் தனியாக இருக்கும்போது சொல்ல வேண்டும்.