குதிரையின் முன்னங்கால்

மாமியார் விட்டுப்போன கண்ணாடிப் பொம்மைகள் மொத்தம் அறுபத்திரண்டு. அன்னம், மீன், மான், உள்ளே நீலச் சுருள் ஓடும் உருண்டைகள். வாராவாரம் துடைத்தவள் என்பதாலோ என்னவோ, உயிலில் அவற்றை மருமகளுக்கு எழுதியிருந்தார். மருமகள் அன்றே முடிவு செய்தாள்: எல்லாவற்றையும் விற்பது. அதுவும் நாத்தனார் கண்ணெதிரே விற்பது.

காரணம், ஒரு குதிரை. பத்தொன்பது வருடங்களுக்கு முன், கல்யாணமான மூன்றாம் மாதம், துடைப்பதற்காக அலமாரியைத் திறந்தவள் அடுப்பில் பால் பொங்குகிறதென்று ஓடினாள். திரும்பி வந்தால் குதிரையின் முன்னங்கால் தனியே கிடந்தது. விருந்தாளிகள் நிறைந்த கூடத்தில் அவளை மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். "கேட்டுத் தொலையேன், பெரிய விஷயமா?" என்றார் கணவர். செய்யாத தப்புக்குத் தலைகுனிந்தபோது, பள்ளிச் சீருடையில் நின்ற நாத்தனார் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உடைத்தது யாரென்று அதிலேயே மருமகளுக்குப் புரிந்துவிட்டது.

அந்தப் பெண் வளர்ந்தாள், வாயும் வளர்ந்தது. வீட்டில் நாலு பேர் கூடினால், "அண்ணிக்குக் கண்ணாடி டம்ளர் வேண்டாம், ஸ்டீல்ல குடுங்க" என்று சிரிக்க வைப்பாள். மருமகளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் தினமும் ஊர் உலகத்துக்கெல்லாம் வேண்டிக்கொள்ளும்போது நாத்தனார் பெயரை மட்டும் விழுங்கிவிடுவாள்.

இப்போது அம்மா ஞாபகமாகக் குதிரையை மட்டும் கேட்டாள் நாத்தனார். ஞாயிற்றுக்கிழமை வாயேன் என்று இனிக்க இனிக்கச் சொல்லிவிட்டு, மருமகள் அதே நேரத்துக்குப் பழம்பொருள் வியாபாரியையும் வரச்சொன்னாள்.

ஞாயிறன்று நாத்தனார் பார்த்திருக்க, வியாபாரி ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, ஊதா வெளிச்சம் தரும் சின்ன டார்ச்சை எடுத்தார். ஒட்டுப்போட்ட இடம் அந்த வெளிச்சத்தில் மின்னும் என்றார். பொம்மைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். கணவர் பக்கத்து அறையில் பொட்டலம் கட்டப் பழைய பேப்பர் தேடிக்கொண்டிருந்தார்.

குதிரையை மருமகளே எடுத்துக் கொடுத்தாள்.

"அண்ணி, அதை மட்டுமாவது..."

"அவர்தான் முதல்ல பாக்கட்டுமே. என்ன அவசரம்?"

வியாபாரி டார்ச்சை அருகில் பிடித்தார். "இதுல ரெண்டு பசை இருக்கும்மா. மஞ்சளா தெரியறது பழசு, நீலம் அதுக்கு மேல வச்சது. முதல்ல உடைச்சவங்க கமுக்கமா ஒட்டி வச்சிருக்காங்க. அப்புறம் யார் தொட்டிருந்தாலும் கால் கையோட வந்திருக்கும்."

துடைக்கும் நேரம் தவிர, அலமாரிச் சாவி எப்போதும் மாமியார் இடுப்பில்தான் இருக்கும். வேறு யார் ஒட்டியிருக்க முடியும்?

"அப்ப நான் உடைக்கலையா?" என்றாள் நாத்தனார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. கணவர் பேப்பரோடு அறை வாசலுக்கு வந்தார். "யாரு? எதை உடைச்சா?"

இதற்காகத்தானே பத்தொன்பது வருடம் காத்திருந்தாள் மருமகள். சொல்ல வேண்டிய வார்த்தைகளைத் தீட்டித் தீட்டி வைத்திருந்தாள். ஊதா வெளிச்சத்தில் நாத்தனார் முகம் பேயறைந்தது போலிருந்தது.

"ஒண்ணுமில்லைங்க. அவளுக்குத் தொண்டை அடைக்குது. கொஞ்சம் தண்ணி கொண்டு வாங்க."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. நல்ல சொல் சில சமயம் நம்மைக் கேட்காமலே வந்துவிடுகிறது. கொடுக்கிறவன் மேலே இருக்கிறான்.

கணவர் திரும்பினார்.

"நில்லுண்ணா." நாத்தனார் குரல் உடைந்தது. "குதிரைக் கால் என் கையிலதான் உடைஞ்சுது. அண்ணி தொடவேயில்லை. அம்மாவுக்குப் பயந்துக்கிட்டு வாயை மூடிக்கிட்டேன். அப்புறம் அதையே வச்சு அவங்களை எவ்வளவு கேலி பண்ணினேன்..."

மருமகள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தாள். ஒட்டுப்போட்டது விலைபோகாது என்று வியாபாரி குதிரையை ஒதுக்கினார். அதை அவள் நாத்தனார் மடியில் வைத்தாள்.

கணவர் மனைவி பக்கம் திரும்பித் தொண்டையைக் கனைத்தார். "இதை நீ அப்பவே சொல்லியிருக்கலாமே?"

ஒரு நாளைக்கு ஒருவரை மன்னிக்கும் அளவுக்குத்தான் அவளுக்குத் தெம்பிருந்தது. ஆண்டவன் அதைப் பொறுத்துக்கொள்வான். மீதி அறுபத்தொன்றையும் ஒன்று விடாமல் அவரையே பேப்பரில் சுற்ற வைத்தாள்.