சூசையப்பர் விருந்துக்கு மூன்று பேர்

"இன்னிக்கு நான் மூணு வூட்ல சூசையப்பர் சார். வயிறு ஒண்ணுதான இருக்குது?"

ஆம்பூர் மாதா கோயில் வாசலில் உட்கார்ந்திருந்த துரைசாமி இப்படிக் கையை விரித்ததும் சூசைமாணிக்கத்துக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. சலவை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக ஸ்கூட்டரை ஓரம் கட்டிவிட்டு, ஒரு பிச்சைக்காரரிடம் கெஞ்சிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறதே என்ற எரிச்சல் வேறு.

"போன வருஷமே சொல்லி வெச்சேனே துரைசாமி!"

"நீங்க போன வருஷம் சொன்னீங்க. அவங்க போன வாரம் வந்து சொன்னாங்க. இந்த ஒரு நாள்ல எங்களுக்கு எவ்ளோ கிராக்கின்னு உங்களுக்குத் தெரியாதா சார்?"

அன்று மார்ச் பத்தொன்பது, புனித சூசையப்பர் திருநாள். ஏழைக் கிழவர் ஒருவர், ஒரு பெண், ஒரு குழந்தை என்று மூவரை வீட்டுக்கு அழைத்து, அவர்களைச் சூசையப்பராகவும் மாதாவாகவும் குழந்தை இயேசுவாகவும் எண்ணிக் கால் கழுவி, தலைவாழை இலை போட்டுப் பரிமாறுவது சூசைமாணிக்கத்தின் நேர்ச்சை. அந்த மூவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் மற்றவர்கள் வாயில் பருக்கை படலாம். ஷூ கம்பெனியில் கட்டிங் மெஷினில் அவருடைய வலது கை மாட்டிக்கொண்ட அன்று வேண்டிக்கொண்டது. கை பிழைத்தது. பிறகு சூப்பர்வைசராகவும் ஆனார். அவர் உயர்ந்ததைப் பார்த்து மாதா கோயில் பங்கில் இன்னும் பல பேர் அதே நேர்ச்சையைத் தொடங்கிவிட்டார்கள். ஆம்பூரில் ஏழைகளுக்குப் பஞ்சம் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். குளித்து, துவைத்த துணி உடுத்தி, சொன்ன நேரத்துக்கு வந்து உட்காரும் ஏழைகளுக்குத்தான் பஞ்சம்.

"அந்தப் பூக்காரம்மா? போன வருஷம் மாதாவா வந்துச்சே?"

துரைசாமி சிரித்தார். "அது வராது சார். கால் கழுவறத வீடியோ எடுத்து வாட்ஸப்ல போட்டுட்டீங்க. அதோட மருமவன் பார்த்துட்டு வூட்ல ஒரே சண்டை. சோறு போடுங்க, வேணான்னு சொல்லல. அத ஊருக்கே காட்டணுமா?"

சூசைமாணிக்கம் ஸ்கூட்டரைக் கிளப்பினார். காட்டாவிட்டால் நாலு பேருக்கு எப்படித் தெரியும் என்பது அவருடைய நியாயம். பஸ் ஸ்டாண்டில் ஒரு கிழவியைக் கேட்டார். அவள் வாணியம்பாடி பஸ்ஸுக்காக நிற்கும் ஓய்வுபெற்ற டீச்சர். அவர் வாங்கிக் கட்டிக்கொண்டதைச் சொல்லாமல் விடுவதே மரியாதை. ரயில்வே ஸ்டேஷன் பக்கம் போனார். அங்கே படுத்திருந்தவனை எழுப்பினால், "பிரியாணியா?" என்று கேட்டான். தவக்காலம் என்பதால் சாம்பார், வடை, பாயசம் என்றதும் மறுபடி படுத்துக்கொண்டான்.

வெயில் ஏற ஏற அவருடைய எரிச்சலும் ஏறியது. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பியதே சண்டையோடுதான்.

வீட்டின் பின்பக்கம் ஓர் அறையை வாடகைக்கு விட்டிருந்தார். அதில் ரொகேயா என்ற இளம்பெண், அவளுடைய அப்பா காசிம் அலி, அவளுடைய சின்னப் பெண் துலி. கல்கத்தாப் பக்கம் என்று சொல்லித்தான் வந்தார்கள். வெளியூர்க்காரர்கள் என்பதால் வாடகையை இரண்டு மடங்காகச் சொன்னார். அவர்களும் பேரம் பேசாமல் கொடுத்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் ஆதார் அட்டை கேட்க மறந்துவிட்டார். வாடகைக்கு இருப்பவர்களின் விவரத்தைக் காவல்துறைக்குத் தர வேண்டும் என்று ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. போய்க் கேட்டால், ரொகேயா மூன்று பங்களாதேஷ் பாஸ்போர்ட்டுகளை எடுத்து நீட்டினாள். விசா எப்போதோ முடிந்திருந்தது.

காசிம் அலிக்குத் தொண்டையில் கட்டி. நிலத்தை விற்று, முறையாக மருத்துவ விசா வாங்கித்தான் வேலூருக்கு அழைத்து வந்திருந்தாள். புருஷனும் இல்லை, குழந்தையை விட்டுவிட்டு வர ஊரில் ஆளும் இல்லை. ஆபரேஷன் முடிந்தது, கதிர்வீச்சு, அதாவது கரன்ட், வைக்க வேண்டும் என்றார்கள். வைத்தியம் நீண்டது, விசா முடிந்தது, பணமும் தீர்ந்தது. வேலூர் லாட்ஜுக்குக் கட்டுப்படியாகாமல் ஆம்பூருக்கு வந்து, ஒரு சின்ன ஷூ யூனிட்டில் நூல் கத்தரிக்கும் வேலையில் சேர்ந்திருந்தாள். கிழவருக்குக் கரன்ட் வைப்பது இன்னும் சில வாரங்கள் பாக்கி.

"பத்தொம்பதாம் தேதி மத்தியானத்துக்குள்ள காலி பண்ணிடணும்," என்று சூசைமாணிக்கம் சொல்லிவிட்டார். "விருந்துக்கு ஃபாதர் வர்றாரு, பெரிய மனுஷங்க வர்றாங்க. அப்போ நீங்க இங்க இருக்கக் கூடாது."

அதற்குத்தான் காலையில் அவர் மனைவி பிலோமினா பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பெரியவரால கஞ்சி கூட முழுங்க முடியல. வைத்தியம் பாதியில நின்னா செத்துப்போவாரு. எங்கங்க போவாங்க?"

"அது அவங்க பாடு. சட்டவிரோதமா இருக்கிறவங்கள வெச்சிருந்தா என்னைத்தான் உள்ள போடுவான். நீ வந்து ஜாமீன் குடுப்பியா?"

"அப்போ போலீஸ்ல போய்ச் சொல்லுங்க. ஒரு வக்கீலப் பாருங்க. இந்தா போன்னு தெருவுல தள்றதுதான் சட்டமா?"

"எனக்கு ஆயிரம் வேலை இருக்குது. மொதல்ல மூணு ஏழைங்கள இட்டாரணும்!"

பிலோமினா வடை மாவைப் பொத்தென்று பாத்திரத்தில் போட்டாள். "வெண்ணெய கையில வெச்சுக்கினு நெய்க்கு அலையற ஆளுங்க நீங்க," என்றாள். அவசரத்தில் இருந்தவருக்கு அது காதில் விழுந்தது, மனதில் விழவில்லை.

மூன்று பேரில் ஒருவர்கூடக் கிடைக்காமல் அவர் வீட்டுக்குத் திரும்பியபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. வாசலில் பந்தல், உள்ளே விருந்தாளிகள், எல்லார் முகத்திலும் பசி. மூவருக்கான இலைகள் மட்டும் காலியாகக் கிடந்தன. பங்குத்தந்தை ஜெரால்டு இரண்டு ஊர்களில் பூசை வைத்துவிட்டு நேரே வந்திருந்தார். ஒரு டம்ளர் மோரோடு பந்தலில் உலாத்திக்கொண்டிருந்தார்.

"இன்னா சூசை, ஆளுங்க எங்க?"

"வந்து... வந்துனே இருக்காங்க ஃபாதர்," என்று சூசைமாணிக்கம் வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துச் சந்திலிருந்து மூன்று பேர் வெளியே வந்தார்கள். தலையில் துணிமூட்டையும் கையில் மண்ணெண்ணெய் அடுப்புமாக ரொகேயா. அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு துலி. சுவரைப் பிடித்துப் பிடித்து நடக்கும் காசிம் அலி. விடியலிலிருந்து மூட்டை கட்டியும், கிழவருக்கு நடக்க முடியாமல் நேரம் ஆகிவிட்டது.

ஃபாதரின் முகம் மலர்ந்தது. "அதோ வந்துட்டாங்களே! ஏம்மா, விருந்துக்கு வர்றவங்க மூட்டையெல்லாம் எதுக்கும்மா தூக்கிக்கினு வந்தீங்க? வாங்க பெரியவரே, வாங்க," என்று போய்க் கிழவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

சூசைமாணிக்கம் பதறி முன்னால் வந்தார். இல்லை ஃபாதர் என்று சொல்ல வாயைத் திறந்தார். கூட்டம் முழுதும் பார்த்துக்கொண்டிருந்தது. அப்படியானால் யார் என்று கேட்பார்கள். என் வீட்டிலிருந்து நான் துரத்தியவர்கள் என்று எந்த வாயால் சொல்வது? திறந்த வாயை மூடிக்கொண்டார். பிலோமினா மட்டும் சமையலறை வாசலில் நின்று, இப்போது என்ன செய்யப்போகிறீர்கள் என்பது போல் அவரையே பார்த்தாள்.

மூவரையும் உட்கார வைத்தார்கள். தாம்பாளமும் செம்பில் தண்ணீரும் வந்தன. சூசைமாணிக்கம் மண்டியிட்டார். காசிம் அலியின் பாதங்கள் வீங்கியிருந்தன, குதிகால் வெடித்திருந்தது. மெஷினிலிருந்து பிழைத்த அந்த வலது கையால் தண்ணீரை ஊற்றினார். கிழவர் பதறிக் காலை இழுத்துக்கொண்டார். எதற்காக வீட்டுக்காரர் தன் காலைப் பிடிக்கிறார் என்று அவருக்கு விளங்கவில்லை. சீக்கிரம் வெளியேறச் சொல்லி அவசரப்படுத்துகிறார் என்றே ரொகேயா நினைத்துவிட்டாள். கையெடுத்துக் கும்பிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் அழுதாள்.

"போறோம் சார். இப்போ போறோம். அப்பா மெதுவா நடக்குது சார். கோவம் வேணாம். போறோம்."

பந்தலில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். துலி மட்டும் தாம்பாளத்துத் தண்ணீரில் கையை விட்டு அளைந்துகொண்டிருந்தாள்.

"எங்கம்மா போறீங்க?" என்றார் ஃபாதர்.

அப்போது ரெமிஜியூஸ் எழுந்தார். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். "ஃபாதர், ஆளு தெரியாம உட்கார வெச்சுட்டீங்க. இவங்க பங்களாதேஷ்காரங்க. விசா முடிஞ்சுபோச்சு. சூசைதான் போன வாரம் எங்கிட்ட சொன்னாரு, காலி பண்ணச் சொல்லிட்டேன்னு. நாட்டுக்குச் சட்டம்னு ஒண்ணு இருக்குது. நம்ம ஏழைங்களுக்கே நம்மால செய்ய முடியல, இதுல அடுத்த நாட்டுக்காரங்கள வேற வெச்சுக் காப்பாத்தணுமா?"

"சட்டம் இருக்கத்தான் வேணும் ரெமிஜியூஸ்," என்றார் ஃபாதர். பசியில் அவருக்கும் குரல் சற்று உயர்ந்தது. "யார் வர்றாங்க, யார் போறாங்கன்னு கணக்கு வெச்சுக்கிற உரிமை அரசாங்கத்துக்கு உண்டு. திருச்சபையே அத ஒத்துக்குது. மறைச்சு வைங்கன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நோயாளிய வெயில்ல தள்ளுன்னு எந்தச் சட்டம்யா சொல்லுது? வருஷா வருஷம் கிறிஸ்மஸுக்குக் குடில் கட்டறோம். ராஜா கொல்லத் தேடறான்னு அந்தக் குழந்தையத் தூக்கிக்கினு அப்பனும் ஆத்தாளும் ராவோட ராவா எகிப்துக்கு ஓடினாங்களே, எந்த விசாவோட ஓடினாங்க? அங்க எவனோ ஒருத்தன் வூட்டுல எடம் குடுத்தான். அவன் பேரு நமக்குத் தெரியாது. அவன் கதவைச் சாத்தியிருந்தா நீயும் நானும் இன்னிக்கு எந்தக் கோயிலுக்குப் போவோம்?"

ரெமிஜியூஸ் உட்கார்ந்தார்.

சூசைமாணிக்கம் மண்டியிட்ட இடத்திலிருந்து எழவில்லை. காலையிலிருந்து ஊரெல்லாம் அலைந்த அலைச்சல், அத்தனை பேர் முன்னால் பட்ட அவமானம், எல்லாம் சேர்ந்து முதலில் கோபமாகத்தான் வந்தது. யார்மீது கோபம் என்று பார்த்தால் கை நீட்டத் தன்னைத் தவிர வேறு ஆள் கிடைக்கவில்லை. கிழவரின் காலை மறுபடி மெல்லப் பிடித்துத் துண்டால் துடைத்தார். ஒரு விருந்தாளி செல்போனை உயர்த்தினான். "அத உள்ள வெய்டா!" என்று சூசைமாணிக்கம் போட்ட சத்தத்தில் போன் பைக்குள் போனது.

பிறகு அவர் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"ஃபாதர், தப்பு எம்மேலதான். சட்டத்துக்குப் பயந்தவனா இருந்தா அன்னிக்கே போலீஸ்ல சொல்லி, இவங்களுக்கு ஒரு வழி கேட்டிருக்கணும். ஏழை மேல இரக்கம் இருந்தா உள்ள வெச்சுப் பாத்திருக்கணும். நான் ரெண்டும் பண்ணல. டபுள் வாடகைய வாங்கிக்கினு, பேஜார்னு வந்ததும் தெருவுல தள்ளப் பார்த்தேன். அதுக்குச் சட்டம்னு பேரு வெச்சேன்."

ரொகேயாவின் மூட்டையையும் அடுப்பையும் தாமே தூக்கிப் பின்னறையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். பிலோமினா யாரும் சொல்லாமலே ரசத்தை வடிகட்டி, சாதத்தைக் குழைய மசித்துக் கொண்டுவந்தாள். காசிம் அலி ஒவ்வொரு வாயாக, வலியோடு விழுங்கினார். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பந்தலில் ஒருவர்கூடப் பசி என்று முணுமுணுக்கவில்லை. துலி இரண்டு வடைகளைத் தின்றுவிட்டு மூன்றாவதைப் பாவாடையில் முடிந்துகொண்டாள்.

ஃபாதர், வக்கீலாக இருக்கும் ஒரு கன்னியாஸ்திரீக்கு போன் போட்டார். நாளைக் காலையிலேயே சூசைமாணிக்கம் திருப்பத்தூர் எஸ்.பி. ஆபீசுக்குப் போவது, இருப்பதை இருப்பதாகச் சொல்வது, வைத்தியம் முடியும்வரை தங்க அனுமதி கேட்பது என்று முடிவாயிற்று. அபராதம் போட்டால் கட்டுவது. அனுமதி கிடைக்குமோ கிடைக்காதோ, திருப்பி அனுப்புவதாக இருந்தாலும் அதுவரை கூரையும் கஞ்சியும் இந்த வீட்டில்.

"மனு நான் எழுதறேன்," என்றார் ரெமிஜியூஸ், யாரையும் பார்க்காமல். "உங்களுக்கு எழுத வராது. சட்டப்படி எழுதணும்."

வெயில் தாழ ஆரம்பித்த நேரம். பாத்திரங்களைக் கழுவப் போட்டிருந்தார்கள். கேட்டைத் தட்டும் சத்தம் கேட்டு சூசைமாணிக்கம் போய்ப் பார்த்தார். துரைசாமி, வயிற்றைத் தடவிக்கொண்டு நின்றிருந்தார்.

"மூணு வூடும் முடிஞ்சுது சார். நீங்க பாவம், மனசு கேக்கல. இன்னும் சூசையப்பர் வேணுமா?"

"வேணாம் துரைசாமி. அவரு பின்னால ரூம்ல தூங்கறாரு."

துரைசாமி விழித்தார்.

"வருஷத்துல ஒரு நாள் காட்டறதுக்காக ஏழையத் தேடி ஊரெல்லாம் சுத்தறதுக்குப் பேரு தர்மம் இல்லப்பா," என்றார் சூசைமாணிக்கம். "எந்த ஊர்க்காரனா இருந்தாலும், எந்தப் பேப்பரும் இல்லாதவனா இருந்தாலும், நம்ம வாசல்ல வந்து நிக்கறவன மனுஷனா நடத்தறதுதான் தர்மம். எனக்கு இவ்ளோ வயசுக்கு அப்புறம் இன்னிக்குத்தான் புரிஞ்சுது. நீ உள்ள வா. சூசையப்பரா வேணாம், துரைசாமியாவே வா. பாயசம் மீதி இருக்குது."