துடுப்புப் படகுக்கு டீசல்

சிறு கண்ணிகளில் சிக்கிய மீனை நகத்தால்தான் கழற்ற வேண்டும். கத்தரி பட்டால் நூல் அறுந்துவிடும். மெர்லிதா, அந்த ஏரியின் சிறு மத்தியான தவிலிஸ் மீன்களை ஒவ்வொன்றாக எடுத்து, மூக்கை அளவுப் பலகையின் முனையில் முட்டவைத்து, நீளத்தைக் குறித்துக்கொண்டாள். எதிரே குந்தியிருந்த படகோட்டி இசிட்ரோ பெரிய கண்ணிப் பகுதிகளை உதறி முடித்துவிட்டுக் கொட்டாவி விட்டார்.

"அளந்தா வளந்துடுமா மேடம் இது?"

"வளருதான்னு பாக்கத்தான் அளக்கிறேன் அண்ணே."

அது சாதாரண வலை அன்று. பல அளவுக் கண்ணிகள் கொண்ட பகுதிகளை ஒன்றோடொன்று தொடுத்துத் தைத்த ஆய்வு வலை. அதன் இரண்டு பகுதிகளின் கண்ணிகள் ஏரியில் எவரும் வைத்திருக்கக் கூடாத அளவுக்குச் சிறியவை; குஞ்சுகளில் எவ்வளவு பிழைத்தன என்பதை அவை இல்லாமல் அறிய முடியாது. அந்தக் கண்ணிகளுக்கான தடையும், முட்டையிடும் மாதங்களில் தவிலிஸ் பிடிப்பதற்கான தடையும் மெர்லிதாவின் முந்தைய ஆய்வைக் காட்டிப் பிறப்பிக்கப்பட்டவை. அவளுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆய்வாளர் படகில் இருக்கும்போதே வலை இழுக்கப்பட வேண்டும் என்பது அந்த அனுமதியின் நிபந்தனை.

தடைக்காலத்தின் நடுவில், ஒரு மாலையில் வலையை விரித்துவிட்டுக் கரையேறியபோது ஆய்வு நிலைய இயக்குநர் வலேரியானோ தொலைபேசியில் அழைத்தார். மறுநாள் காலை மாகாணத் தலைநகரில் கூண்டு மீன் பண்ணைக்காரர்களின் கூட்டம். ஏரியின் நிலையை அவள்தான் விளக்க வேண்டும். வலையை விடியற்காலையில் எடுக்காவிட்டால் மீன் அழுகிவிடும், ஒரு மாதம் விட்டுப்போனால் ஆண்டின் கணக்கே உடைந்துவிடும் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அதற்கு ஏதாவது ஏற்பாடு செய்துகொள்ளும்படி சொல்லி அவர் இணைப்பைத் துண்டித்தார்.

"நீங்க போய்ட்டு வாங்க மேடம்," என்றார் இசிட்ரோ. "வலை இழுக்கிறது எனக்குப் புதுசா?"

அனுமதிக் கடிதம் அவளுடைய பையிலேயே இருந்தது. அந்தப் பையுடன் அவள் பேருந்து ஏறினாள்.

கூட்டத்தில் அவள் பேசிக்கொண்டிருந்தபோது இசிட்ரோவின் மனைவி பெலென் அழைத்தாள். தடைசெய்யப்பட்ட வலையுடன் ஏரிக் காவலர்கள் இசிட்ரோவைப் பிடித்து, படகையும் இழுத்துச் சென்றுவிட்டார்கள்.

ஏரிக் காவல் நிலையத் தலைவர் ருஃபீனோ, இசிட்ரோவின் இளைய மகளுக்கு ஞானத்தந்தை. ஆளை அவர் பகலிலேயே வீட்டுக்கு அனுப்பியிருந்தார். படகை அனுப்ப அவருக்கு அதிகாரம் இல்லை. மாலையில் அந்த நிலையத்துக்கு வந்து சேர்ந்த மெர்லிதா முதலில் மீனைக் கேட்டாள்.

"சான்று கெட்டுப்போகும்ல மேடம். போட்டோ எடுத்துட்டு வறுத்துட்டோம்."

மேசைமேல் வினிகர்க் கிண்ணமும் காலித் தட்டும் இருந்தன. தவிலிஸைத் தலையோடு தின்பதே வழக்கம். அளப்பதற்கு ஒரு முள்ளும் மிஞ்சவில்லை.

"அவர் உங்ககிட்ட வேலை பாக்கிறவர்னு ஆபீஸ்லேருந்து ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க," என்றார் ருஃபீனோ. "நகராட்சியில குடுத்தா படகை விட்டுடுவாங்க. அதைக் கட்டி வைக்க எனக்கு மட்டும் ஆசையா?"

எளிய கடிதம்தான். ஆனால் ஆய்வுத் திட்டத்தில் படகோட்டி என்று ஒரு பணியிடம் இல்லை. இசிட்ரோவின் கூலி முதல் மாதத்திலிருந்தே கணக்கில் டீசல் செலவு என்று எழுதப்பட்டு வந்தது. அந்த வழியைக் காட்டியவர் இயக்குநர். பங்க்கில் ரசீது கேட்டு வாங்கி வந்தவள் மெர்லிதா. இசிட்ரோவின் படகு துடுப்பால் செல்வது.

மறுநாள் அலுவலகத்தில் அவள் விஷயத்தைச் சொன்னபோது வலேரியானோ கோபப்படவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"கூலிக்கு வச்சோம்னு எழுதினா, டீசல் யாரு குடிச்சதுன்னு கேப்பாங்க. நீயும் நானும்தான் பதில் சொல்லணும். அதோட ஆய்வுக்கும் மூடுவிழா."

"அப்ப அவரை என்னன்னு எழுதுறது சார்?"

"தன்னார்வலர்னு எழுதும்மா. கௌரவமான வார்த்தைதானே."

மெர்லிதா தன் அறைக்கு வந்து, 'பணியாளர்' என்று தட்டச்சுச் செய்தாள், அழித்தாள், மீண்டும் அதையே அடித்தாள். அவளுடைய ஒப்பந்தம் ஜூனில் புதுப்பிக்கப்பட வேண்டியது. அலுவலகம் மூடும் வேளையில், இசிட்ரோ ஒரு தன்னார்வலர் என்ற கடிதத்தில் கையெழுத்திட்டாள்.

அன்றே இசிட்ரோவின் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். பெலென் அவள் முன்னால் காப்பியை வைத்தாள், சர்க்கரையை வைக்கவில்லை.

"இவரு டீசலாவே இருந்திருக்கலாம் மேடம். அதுக்காவது ரசீது இருக்கு."

"சும்மா இரு," என்றார் இசிட்ரோ. ஆனால் மெர்லிதாவை அவர் பார்க்கவில்லை.

மறுநாள் நகராட்சியின் சட்ட அலுவலர் கடிதத்தைப் படித்துவிட்டு நன்றி தெரிவித்தார். இப்போது எல்லாம் தெளிவாகிவிட்டது என்றார். வலை ஆய்வு நிலையத்தின் உடைமை. ஆகவே உடனே திருப்பித் தரப்படும். படகு தனியார் ஒருவருடையது. அவரோ எவருடைய பணியிலும் இல்லாதவர். அனுமதி பெற்றவர் உடனில்லாமல், தாமாகவே விரும்பி ஏரிக்குள் சென்றவர். விசாரணை முடியும்வரை படகை விடுவிக்க வழியில்லை. விசாரணை எப்போது என்று மெர்லிதா கேட்டாள். நீதிபதியின் இடம் காலியாக இருக்கிறது என்றார் அவர்.

காவல் நிலையத்தில் வலையை அலசி உலர்த்தி, புதிய சாக்கில் மடித்து வைத்திருந்தார்கள். ருஃபீனோ அதை இரு கைகளாலும் எடுத்து நீட்டினார்.

"பிரிச்சுப் பாத்துக்குங்க மேடம். ஒரு கண்ணிகூட அறுந்திருக்காது."

அவள் சாக்கை வாங்கிக்கொண்டு பின்வாசல் வழியாகக் கரைக்கு வந்தாள். படகு மணலில், வெயிலில் கிடந்தது. ஒரு சங்கிலி அதைத் தென்னையோடு பிணைத்திருந்தது. நீரைவிட்டு எடுத்த மரம் பிளக்கத் தொடங்கியிருந்தது. இசிட்ரோ ஏரியிலிருந்து வாளியில் நீர் மொண்டுவந்து படகுக்குள் ஊற்றிக்கொண்டிருந்தார். அதற்குத் தடையில்லை, சங்கிலியைத் தொடக் கூடாது என்று மட்டும் சொல்லியிருந்தார்கள்.

அவளைக் கண்டதும் நின்றார்.

"வலை நல்லாக் காஞ்சிருக்கா மேடம்? ஈரத்தோட மடிச்சா நூல் இத்துப்போகும்."

காய்ந்திருப்பதாக அவள் சொன்னாள். அவர் தலையசைத்துவிட்டு, வெறும் வாளியுடன் மறுபடியும் ஏரிக்கு நடந்தார். அவர் ஊற்றிய நீர் பலகைகளின் இடுக்குகள் வழியே கசிந்து மணலில் இறங்கிக்கொண்டிருந்தது.