வெள்ளை கலக்காத கியாந்தி

பாட்டிலில் எங்கள் இத்தாலிய வட்டாரத்தின் பெயரான கியாந்தி என்று ஒட்ட வேண்டுமென்றால், சிவப்பு ஒயினில் வெள்ளைத் திராட்சையையும் கலந்தே தீர வேண்டும். அன்றைய சட்டம் அப்படி. நூறு வருஷத்துக்கு முன் யாரோ ஒரு பிரபு எழுதிவைத்த பக்குவமாம். என் மனைவி இசோலினாவுக்கு அது அறவே பிடிக்காது. எங்கள் குன்றிலிருந்த வெள்ளைக் கொடிகளை வேரோடு பிடுங்கி எறிந்துவிட்டு, கறுப்புத் திராட்சையில் மட்டும் ஒயின் போட்டாள். அதிகாரிகள் பெயரைப் பறித்துக்கொண்டார்கள். ஆறு வருஷமாக எங்கள் பாட்டிலில் 'சாதா ஒயின்' என்றுதான் ஒட்டினோம். தரவரிசையில் கடைசிப் படி அது. ஊர்ப் பெயரைக்கூடப் போடக் கூடாது.

"கொஞ்சூண்டு வெள்ளை ஊத்துனா குடியா முழுகிடும்?" என்று நானே ஒருநாள் கேட்டுவிட்டேன். அன்றைக்கு எனக்கு சூப்புகூடக் கிடைக்கவில்லை.

அந்த விதியை நீக்கச் சொல்லி ரோமிலுள்ள அரசாங்கத்துக்கு எழுதுவதா வேண்டாமா என்று முடிவு செய்யத் திராட்சைத் தோட்டக்காரர் சங்கம் கூடியது. தோற்றால் இசோலினா வெள்ளைக் கொடியை மறுபடி நட வேண்டும், இல்லையென்றால் சாகும்வரை சாதாதான். சங்கத் தலைவர் நேரி ஃபல்சானி வெள்ளைக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறவர். அவர் எந்தப் பக்கம் கை தூக்குகிறாரோ, ஊரும் அந்தப் பக்கம்.

எங்கள் சங்கத்தில் ஓட்டுக்கு முன்னால் சாப்பாடு. ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவருவோம். எது யாருடையது என்று தெரியாதபடி பாதிரியார் ஒவ்வொன்றுக்கும் கம்பளிக் காலுறை மாட்டிவிடுவார். அவரிடம் தில்லுமுல்லு செய்ய யாருக்கும் தைரியம் கிடையாது.

நான்காவது பாட்டிலைக் குடித்ததும் நேரி கண்ணை மூடிக்கொண்டார்.

"இதாண்டா கியாந்தி! வெள்ளை எவ்வளவு அளவா விழுந்திருக்கு பாருங்க. அது இல்லாம இந்த மென்மை வருமா? இதப் போட்டவன் கைக்கு முத்தம் குடுக்கணும்."

"நிச்சயமா சொல்றீங்களாண்ணே?" என்றாள் இசோலினா. முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"நாப்பது வருஷமா குடிக்கிறேன்மா. நீயும் இப்படிப் போடக் கத்துக்க."

பாதிரியார் காலுறையை உருவினார். சாதா ஒயின். எங்கள் பாட்டில்!

கூடமே அதிரச் சிரித்தார்கள். நான் மேசைமேல் ஏறாததுதான் குறை. இசோலினா கையை நீட்டினாள்.

"குடுங்கண்ணே முத்தம். ஊரே பாக்குது."

நேரியின் முகம் காதுவரை சிவந்துவிட்டது. ஆனாலும் மனுஷன் குனிந்து முத்தமிட்டார். நிமிர்ந்து எல்லோரையும் முறைத்தார்.

"என்னய்யா இளிப்பு? ரோமுக்கு எழுதுங்க," என்று முதல் கையை அவரே தூக்கினார். பின்னாலேயே கூடம் முழுக்கக் கைகள் உயர்ந்தன. நான் இரண்டையும் தூக்கினேன். இசோலினா ஒன்றை இழுத்து இறக்கினாள்.

ரோம் அசைய வருஷங்கள் ஆயின. அசைந்தது. முதல் பாட்டிலில் கியாந்தி என்ற பெயரை நான்தான் ஒட்டினேன், அவசரத்தில் கொஞ்சம் கோணலாக. பிய்த்து மறுபடி ஒட்டப் போனேன்.

"தொடாத, துச்சோ!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள் இசோலினா. இத்தனை வருஷ சாதாவுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அந்தக் கோணல் பெயரைப் பார்த்து விக்கி விக்கி அழுதாள்.