புல் வெளுத்த வாரம்

அவளுக்கு ஆபீஸம்மா என்று பேர் வைத்தது ஃபிட்டர் அண்ணன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், குடிநீர் நிலையத்தின் பாசி படிந்த நடைபாதையில், இஸ்திரி மடிப்புக் கலையாத உடையும் தோல் செருப்புமாக, ஒவ்வோர் அடியையும் யோசித்து யோசித்து வைத்து வந்தாள். "யாருப்பா இது, ஆபீஸம்மா வழி தவறி வந்துட்டாங்களா?" என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள். நாற்பத்து நாலு வயதில் புதிதாக ஒரு வேலையில் நுழைகிறவள் சிரித்துவைக்காமல் என்ன செய்வாள்?

அதற்கு முன் பத்தொன்பது வருடம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தாள். மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் எங்கே ஓட்டை என்று தேடிக் கண்டுபிடிப்பது அவள் வேலை. அதில் அவள் கெட்டிக்காரி. அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் வினையாகப் போயிற்று என்பது அவள் கட்சி. வெளியே விட நாள் குறித்துவிட்ட ஒரு புரோகிராமில் பெரிய ஓட்டையைக் கண்டுபிடித்து, 'இதை இப்போது விடக்கூடாது' என்று மெயில் போட்டாள். போட்டதோடு விட்டாளா? மேலதிகாரிக்கும் மேலே இருந்தவருக்கு ஒரு காப்பி வேறு. அடுத்த மாதமே ஆட்குறைப்பு என்று நாற்பது பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். பட்டியலில் மூன்றாவது பெயர் அவளுடையது. மெயிலுக்கும் பட்டியலுக்கும் சம்பந்தம் உண்டா என்பது அவர்களுக்கே வெளிச்சம். ஆனால் அவள் தீர்மானித்துவிட்டாள், வாயைத் திறந்ததால்தான் வேலை போயிற்று என்று.

பதினோரு மாதம் வீட்டில் இருந்தாள். நேர்முகத்தேர்வில் எதிரே உட்கார்ந்தவர்கள் எல்லாம் அவள் மகளுக்கு அக்கா வயசுப் பிள்ளைகள். கடைசியில் நாத்தனார்தான் கைகொடுத்தாள். அவள் குடிநீர் வாரியத்தின் தலைமை அலுவலகத்தில் இருந்தாள். "உங்களுக்காக ரொம்பச் சொல்லி வாங்கியிருக்கேன் அண்ணி. மூணு மாசம் புரொபேஷன். என் பேரைக் கெடுத்துடாதீங்க" என்றாள். நாத்தனார் இவ்வளவு செய்ததே பெரிசு, அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் விடுவாளா? ஆபீஸம்மா தலையை ஆட்டினாள். இந்த இடத்தில் தானுண்டு தன் வேலையுண்டு என்று இருந்துவிட வேண்டும் என்று அப்போதே மனசுக்குள் பூட்டுப் போட்டுக்கொண்டாள்.

வேலை ஒன்றும் மலையைப் பிளக்கும் வேலை இல்லை. மணிக்கு ஒரு தரம் பலகையில் தெரியும் எண்களை நோட்டில் எழுத வேண்டும். தண்ணீர் எவ்வளவு, கலங்கல் எவ்வளவு, கடைசியாக குளோரின் ரூமில் கசிவு எவ்வளவு. அந்தக் கடைசி எண்ணை மட்டும் இரண்டு தரம் பார்த்துவிட்டுத்தான் எழுதுவாள். முதல் நாளே ஒரு வீடியோ போட்டுக் காட்டியிருந்தார்கள். இரும்பு உருளைக்குள் அடைத்துவைத்திருக்கும் அந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். மூச்சில் நிறையப் போனால் நெஞ்சு வெந்துவிடும். இதையெல்லாம் நிலையத்தின் இன்சார்ஜ் கொட்டாவி விட்டபடியே சொன்னார்.

"பயப்படாதம்மா. இங்க மெஷின் ஒண்ணு இருக்கு, என் மூக்கு ஒண்ணு இருக்கு. மெஷின் பொய் சொன்னாலும் என் மூக்கு சொல்லாது" என்றார் ஃபிட்டர் அண்ணன். முப்பது வருட சர்வீஸ். உருளை மாற்றும்போது முகமூடி போடமாட்டார். அவர் கதவைத் திறந்து, ஒரு தரம் மோந்து பார்த்து, "வாங்கடா" என்றால்தான் மற்றவர்கள் உள்ளே போவார்கள். அங்கே அதுதான் சட்டம். எழுதிவைத்த சட்டம் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தூசி குடித்துக்கொண்டிருந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு அவள் எல்லாரோடும் உட்காரமாட்டாள். "அந்தக் கம்பெனியில ஏன்மா அனுப்பிட்டாங்க?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள் என்று பயம். குளோரின் ரூமுக்குப் பின்புறம், நிழல் விழும் சிமெண்ட் படியில் டப்பாவைத் திறந்துகொள்வாள். அங்கேதான் பத்தொன்பது வருடம் ஏசி அறைக்குள் பார்க்காததையெல்லாம் பார்த்தாள். சுவரின் அடியில், தரைமட்டத்தில், காற்றுப் போகும் கம்பிச் சாளரம். அதைச் சுற்றி அரை ஆள் படுக்கிற அளவுக்குப் புல். சுவர் வெடிப்பிலிருந்து எறும்புச் சாரை ஒன்று புறப்பட்டு, சாளரத்துக்குக் கீழாகவே வந்து, புல்லுக்குள் நுழைந்து, படியோரம் வெளியே வரும். சிந்திய பருக்கையை நாலு எறும்பு சேர்ந்து தூக்கிப் போவதைப் பார்க்க அவளுக்கு அலுக்கவே இல்லை. வழியில் ஒரு நத்தை, எந்த அவசரமும் இல்லாமல் செங்கல்லில் ஒட்டிக்கொண்டிருக்கும். இதெல்லாம் எப்போதும் இங்கேதானே இருந்திருக்கிறது, நமக்குத்தான் கண் இல்லை என்று நினைத்துக்கொள்வாள். நாளில் அந்த அரை மணி நேரம்தான் அவள் பயப்படாமல் இருந்தாள்.

அந்த அரை மணிக்கும் கேடு வந்தது. மூன்று மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, திங்கட்கிழமை, எறும்புகள் வழி மாறிப் போயின. சாளரத்தை விட்டு விலகி, சுவரில் முழங்கால் உயரம் ஏறி, சுற்றிக்கொண்டு இறங்கின. சாளரத்தை ஒட்டிய புல்லின் நுனி லேசாக வெளுத்திருந்தது. நத்தையைக் காணோம். வெயிலாக இருக்கும் என்று எண்ணினாள். அப்புறம்தான் உறைத்தது, அந்தப் பக்கம் வெயிலே விழாது.

பழைய தொழில் புத்தி போகுமா? ஒரு புல்லைக் கிள்ளி நோட்டுக்குள் வைத்தாள். செவ்வாய் ஒன்று, புதன் ஒன்று, வியாழன் ஒன்று. நாலாவது புல் அடி வரைக்கும் காகிதம் மாதிரி வெளுத்துப்போயிருந்தது. அன்று சாயங்காலம் மகள் கிட்டே வந்து மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்னம்மா இது, உன்மேல அந்தப் பிளீச்சிங் பவுடர் வாசம் முன்னைவிட ஜாஸ்தியா அடிக்குது?"

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"உனக்குப் பழகிப்போச்சும்மா."

அவளுக்குச் சோறு இறங்கவில்லை. எல்லாருக்கும்தானே பழகிப்போயிருக்கும்!

வெள்ளிக்கிழமை காலை வந்ததும் பழைய நோட்டுகளைப் புரட்டினாள். முன்பெல்லாம் கசிவு எண் எப்போதாவது 0.1 என்று கண் சிமிட்டி அடங்கியிருக்கிறது. பதினேழு நாளாக அசையாத 0.0. பதினேழு நாளுக்கு முன்தான் அந்த அறைக்கு இன்சார்ஜ் முன்னால் நின்று பெயிண்ட் அடிக்கவைத்தார். சொல்லலாமா? என்னவென்று சொல்வது? புல் வெளுத்திருக்கிறது, எறும்பு சுற்றிப் போகிறது என்றா? சிரிப்பார்கள். சிரித்தால்கூடப் பரவாயில்லை. செவ்வாய்க்கிழமை அவள் வேலையை உறுதி செய்யும் காகிதத்தில் இன்சார்ஜ் கையெழுத்துப் போட வேண்டும். பழைய மெயில் கண்முன் வந்து நின்றது. வாயை மூடு, வாயை மூடு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பதினோரு மணிக்கு இன்சார்ஜ் கூப்பிட்டார். "ஃபிட்டரே, உருளை காலி ஆயிடுச்சு. மாத்திடுங்க."

ஃபிட்டர் அண்ணன் ஸ்பேனரைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஏதோ பாட்டை மூக்கால் முனகியபடி கதவை நோக்கி நடந்தார். அவள் எழுந்துவிட்டாள்.

"அண்ணே, ஒரு நிமிஷம்... முகமூடி போட்டுக்கிட்டுப் போங்களேன்."

"எனக்கா?" அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"சார், உள்ள கசியுதோன்னு தோணுது."

இன்சார்ஜ் பலகையைக் கைகாட்டினார். "ஜீரோ. கண்ணு தெரியுதில்ல? உக்காரும்மா."

அவள் உட்கார்ந்தாள். ஆமாம், உட்கார்ந்துதான் விட்டாள். அதைப் பின்னாளில் நினைத்தால்கூட அவளுக்கு உடம்பு கூசும். கண்ணாடி வழியே ஃபிட்டர் அண்ணனின் முதுகு தெரிந்தது. கதவுக்குப் பத்தடி. பேனா மூடியைத் திறந்து மூடினாள். எட்டடி. நாலடி. அவர் தாழ்ப்பாளில் கை வைத்ததும், எப்படி எழுந்தாள், எப்படிப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. ஆபத்து என்றால் அமுக்கச் சுவரில் வைத்திருந்த சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள்.

மணி அலறியது. பம்புகள் ஒவ்வொன்றாக நின்றன. அந்த இரைச்சல் ஓய்ந்த பிறகுதான் அதுவரை எவ்வளவு இரைச்சல் இருந்தது என்பதே தெரிந்தது. ஊர் முழுக்கக் குழாய்கள் வறண்டுபோகும். ஆட்கள் கையில் கிடைத்ததைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார்கள். ஃபிட்டர் அண்ணனும் தாழ்ப்பாளை விட்டுவிட்டு வந்தார்.

"எவன்டா அமுக்கினது?" என்று கத்திக்கொண்டே வந்தார் இன்சார்ஜ்.

அவள் கையைத் தூக்கினாள். நோட்டைத் திறந்து நாலு புல்லையும் காட்டினாள். பிறகு பின்னாலிருந்து யாரோ, "புல்லைப் பார்த்தா பெல் அடிச்சாங்க?" என்றதும் கொல்லென்று சிரிப்பு எழுந்தது. இன்சார்ஜ் மட்டும் சிரிக்கவில்லை.

"உன் நாத்தனாருக்கு நான் போன் பண்றேன். நீ பையை எடுத்து வச்சுக்கோ."

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தாள். ஆனால் மணி அடித்தாயிற்று. அடித்தபின் கண்ணாடிக்குள் தூங்கிய சட்டம்தான் ராஜா. காற்று உருளையும் முழு முகமூடியும் போட்டுக்கொண்டு, அம்மோனியா பாட்டிலோடு ஒருவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தால்தான் பம்பை ஓட்ட முடியும். குளோரின் இருக்கும் இடத்தில் அம்மோனியா பட்டால் வெள்ளைப் புகை எழும். ஃபிட்டர் அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு போனார். கதவு திறந்தது, மூடியது.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். புகை வராவிட்டால் அவள் வேலை போகும். வந்தால் அவர் உயிர் என்ன ஆகும்? எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் நின்றாள்.

நாலாவது நிமிடத்தில் கதவு திறந்தது. அவர் தடுமாறி வெளியே வந்து, கதவை இழுத்துச் சாத்தி, காற்றடிக்கும் பக்கமாக நடந்து வந்து முகமூடியைக் கழற்றினார். முகத்தில் ரத்தமே இல்லை.

"முழங்கால் உயரத்துக்கு, சார். ரூம் பூரா வெள்ளை. மாத்த வச்சிருந்த உருளையோட வால்வு அரிச்சுப்போயிருக்கு. ஸ்பேனர் வச்சுத் திருகியிருந்தா கையோட வந்திருக்கும்."

கையில் எதையோ கசக்கிப் பிடித்திருந்தார். அதை இன்சார்ஜிடம் நீட்டினார். பாலிதீன் பை, ஓரமெல்லாம் பெயிண்ட் துளி. பெயிண்ட் தெறிக்கக்கூடாதென்று, கசிவை அளக்கும் சென்சாருக்குக் கட்டியது. தரையோரம், உருளைக்குப் பின்னால் இருக்கும் சென்சாரைக் குனிந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பதினேழு நாளாக அந்த மெஷின் பைக்குள் இருந்த காற்றை மோந்துகொண்டு ஜீரோ ஜீரோ என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

ஒரு மணிக்குள் வெளியிலிருந்து ஆட்கள் வந்து கசிவை அடைத்தார்கள். இன்சார்ஜ் அவளிடம் ரிப்போர்ட் தாளைக் கொடுத்தார். குரல் பஞ்சாக இருந்தது. "மணி அடிச்சவங்கதான் எழுதணும். சுருக்கமா எழுதும்மா. சென்சார் பழுதுன்னு போட்டா போதும். பை, பெயிண்ட் எல்லாம் எதுக்கு? செவ்வாய்க்கிழமை உன் பேப்பர் என் டேபிளுக்குத்தான் வருது, மறந்துடாத."

தாளை எடுத்துக்கொண்டு, இந்த முறை வாசலோரத்துப் படியில் போய் உட்கார்ந்தாள். பேனா நகரவில்லை. 'சென்சார்' என்று எழுதி அப்படியே நின்றாள். ஃபிட்டர் அண்ணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தரையைப் பார்த்தார். அங்கேயும் ஒரு புல் இருந்தது, பச்சையாக.

"ஆபீஸம்மா, எனக்கு மூக்கு செத்து ஆறு வருஷம் ஆச்சு."

அவள் நிமிர்ந்தாள்.

"எந்த வாசனையும் தெரியாது. பொண்டாட்டி சமையல் தீஞ்சாக்கூடத் தெரியாது. சொன்னா இந்த வேலைக்கு லாயக்கில்லைன்னு அனுப்பிடுவாங்கன்னு சொல்லல. சும்மா மோந்து பார்க்கிற மாதிரி நிப்பேன். என்னை நம்பி எத்தனை பேர் உள்ள வந்தானுங்க தெரியுமா?" உள்ளங்கையால் மூக்கைத் தேய்த்துக்கொண்டார். "தினமும் அந்தக் கதவைத் திறக்கும்போது செத்துச் செத்துப் பிழைச்சேன்."

மூன்று மாதமாக இந்த இடத்திலேயே பயந்தவள் தான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தாள்.

"இதை நான் எழுதமாட்டேன் அண்ணே" என்றாள் மெதுவாக.

"எழுது." அவர் தாளை அவள் பக்கம் தள்ளினார். "பையையும் எழுது, மூக்கையும் எழுது. நாளைக்கும் எவனாவது என் பின்னாடி வருவான்."

"உங்க வேலை போயிடும்."

"உன்னோடதும்தான்."

அவள் 'சென்சார்' என்ற சொல்லை அடித்தாள். பிறகு அவள் எழுத ஆரம்பித்தாள். எறும்பு வழி மாறிய திங்கட்கிழமையிலிருந்து, ஒன்றும் விடாமல். நாலு புல்லையும் வரிசையாக வைத்து டேப் ஒட்டினாள். எழுதி முடிக்கும்வரை பயம் குறையவே இல்லை. தாளைத் திருப்பி மறுபக்கம் எழுதியபோது கூடவும் செய்தது. அடியில் கையெழுத்துப் போட்டாள். பேனாவை அவர் வாங்கி, அதற்குக் கீழே தன் பெயரை எழுதினார்.

இரண்டு கையெழுத்துமே கோணலாகத்தான் இருந்தன.