நொட்டாங்கை அடுப்படி

நானூறு கிளைகள் என்று கம்பெனிக்காரர்கள் மார்தட்டிக்கொள்கிறார்கள். அத்தனைக்கும் தொடக்கம், பஸ் நிலையத்துக்கு எதிரே நாங்கள் மூன்று பேர் நடத்திய பர்கர் கடை. என் கணவர் சூடான இரும்புக் கல்லில் இறைச்சியை வாட்டுவார். நான் பன்னை அறுத்து வெங்காயம் வைப்பேன். கொழுந்தன் கல்லாவில் உட்கார்ந்திருப்பார்.

என் கணவர் இடது கைக்காரர். அதனால் நடுவில் கல், அதற்கு இடப்பக்கம் எண்ணெய்த் தொட்டி என்று அடுப்படியைத் தனக்குத் தோதாக அமைத்துக்கொண்டார். இறைச்சியைத் திருப்பிய கையாலேயே எண்ணெயில் பொரியும் உருளைக்கிழங்குக் கூடையையும் தூக்கிவிடுவார். அந்த வேகத்துக்காகவே கூட்டம் வந்தது.

"நொட்டாங்கைக்கு வந்த வாழ்வைப் பாரு!" என்று கொழுந்தன் கல்லாவிலிருந்து கத்துவார்.

"சோத்தாங்கை சில்லறையை ஒழுங்கா குடுத்தா போதும்" என்பார் இவர், திரும்பாமலே.

இரண்டாவது கடை திறக்கும்போது கொழுந்தன் முதல் அடுப்படியை அங்குலம் பிசகாமல் அளந்தெடுத்தார். ராசியான அடுப்படி, கை வைக்கக் கூடாது என்றார். பிறகு வந்த கடைகளிலும் அதே அளவு, அதே அமைப்பு. கடைகள் பெருகத் தொடங்கிய சமயத்தில் என் கணவர் மாரடைப்பில் போய்விட்டார். கொஞ்ச காலத்தில் ஒவ்வொரு கிளையின் சுவரிலும் கம்பெனியின் வரலாறு ஏறியது. கொழுந்தன் படம், கீழே 'நிறுவனர் வடிவமைத்த அதிவேக அடுப்படி' என்று ஒரு வரி. என் கணவரைப் பற்றி ஒரு எழுத்துக்கூட இல்லை.

ஒரு நாள் எங்கள் தெருக் கிளையில் அடுப்பருகே நின்ற பெண்ணின் வலது கையைப் பார்த்தேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சூட்டுத் தழும்புகள்.

"இங்க எல்லாருக்கும் இருக்கும்மா. இதுதான் எங்க அடையாள அட்டை" என்று சிரித்தாள். சிரித்தபடியே வலது கையைக் கல்லுக்கு மேலே நீட்டி, இடப்பக்கத்து எண்ணெயிலிருந்து கூடையைத் தூக்கினாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. அவள் கை எனக்குச் சாட்சியாகத் தெரிந்தது. நேரே கொழுந்தனின் ஆபீசுக்குப் போனேன்.

"தம்பி, அந்தச் சுவத்துல அவர் பேரையும் போடுங்க. அடுப்படியை அமைச்சது அவர்தானே."

"யார் அமைச்சா என்ன அண்ணி? எல்லாம் நம்ம குடும்பம்தானே. இப்பப் போய் கதையை மாத்தினா ஊரே சிரிக்கும்."

"சோத்தாங்கைக்காரர் யாராவது எண்ணெயை இடப்பக்கம் வைப்பாங்களா? உங்க கடைப் பிள்ளைங்க கையைப் போய்ப் பாருங்க, வெந்து கிடக்கு."

கொழுந்தன் பக்கத்தில் இருந்த கம்பெனிப் பொறியாளர் நிமிர்ந்தார்.

"என்னம்மா சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க."

எழுந்து நின்று கையால் காட்டியே விளக்கினேன். ஒருவராவது காது கொடுக்கிறாரே என்று ஆறுதலாக இருந்தது. கொழுந்தன் லிப்ட் வரை வந்து வழியனுப்பினார். "காபி கூட குடிக்காம போறீங்களே அண்ணி."

மழைக்காலம் முடிவதற்குள் எல்லாக் கிளைகளிலும் எண்ணெய்த் தொட்டி வலப்பக்கம் போய்விட்டது. சுவரில் ஒரு வரி கூடியிருந்தது: 'ஊழியர் நலன் கருதி நிறுவனரே மாற்றியமைத்தது.'

அந்தப் பெண் ஓடி வந்து கையைக் காட்டினாள். புதிய காயம் ஒன்றுகூட இல்லை.

"முதலாளிக்குப் பெரிய மனசும்மா. இத்தனை நாளா எங்க கையைப் பத்தி யாரு நினைச்சுப் பார்த்தா?"

நல்லதாகப் போயிற்று என்றேன். அவளிடம் வேறு என்ன சொல்வது?

பஸ் நிலையத்துக் கடையையும் மாற்றிவிட்டார்கள். இன்று என் கணவர் வந்து அங்கே நின்றால், சுட்டுக்கொள்வது அவராகத்தான் இருக்கும்.