இயற்கை நிறம்

ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த கச்சிபௌலியில் எங்கள் சலூனுக்கு வருகிற எல்லோரும் படிவத்தில் ‘இயற்கை நிறம்’ என்ற இடத்தில் கறுப்பு என்றுதான் எழுதுவார்கள். பதினொரு வருடமாகத் தலைகளைப் பார்த்து நிறம் சொல்கிறேன். ஒருத்தர் தலையும் சுத்தக் கறுப்பாக இருந்ததில்லை. ஷேட் கார்டில் ஒன்றாம் நம்பர் கறுப்பு என்றால், நம் ஆட்கள் இரண்டு, மூன்று, அபூர்வமாக நான்கு. இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. கால் அதற்கு முன்பே வலிக்க ஆரம்பித்துவிட்டது.

சீதாராமனும் கறுப்பு என்றுதான் எழுதினார். 2009 மார்ச், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. நாற்பத்தாறு வயது, கும்பகோணத்துக்காரர், கழுத்தில் கம்பெனி அட்டை மாட்டும் நாடா. என் சட்டையில் ஆரோக்கியமேரி என்ற பெயரைப் பார்த்ததும் தெலுங்கை விட்டுத் தமிழுக்கு மாறினார்.

“மேடம், நல்லா ஜெட் பிளாக்கா அடிச்சு விட்டுடுங்க. மூணு மணிக்கு இன்டர்வியூ.”

“மொதல்ல வெளிய வாங்க சார்.”

கடைக்குள் மஞ்சள் விளக்கு; அதன் கீழே எல்லாத் தலையும் ஒன்றுதான். வாசல் வெயிலில் நிறுத்தி, சாயம் அதிகம் படாத பிடரி முடியை விலக்கிப் பார்த்தேன். மூன்றாம் நம்பர், அடர்ந்த பழுப்பு. உச்சியில் வேரிலிருந்து முக்கால் அங்குலம் வெள்ளை, நுனியில் வீட்டுச் சாயம். முடி மாதத்துக்கு அரை அங்குலம் வளரும். என் வாய் சும்மா இருக்காது.

“சங்கராந்தியோட கலர் பண்றத விட்டுட்டீங்க போல?”

அவர் முகம் செத்துவிட்டது. நாடாவை இழுத்துக் காட்டினார். முனையில் அட்டை இல்லை.

“அப்பத்தான் வேலை போச்சு மேடம். வீட்ல தெரியாது. தினம் டிபன் பாக்ஸோட கிளம்பி வந்துடறேன்.”

எனக்குச் சங்கடமாகிவிட்டது. “ஒண்ணு நக்கோ, வேணாம் சார், தார் பூசினாப்ல இருக்கும். மூணு போடறேன். காதோரம் வெள்ள கொஞ்சம் இருக்கட்டும், வயசுக்கு எடுப்பா இருக்கும்” என்றேன்.

“அங்க எல்லாம் முப்பது வயசுப் பசங்க மேடம். துளி வெள்ளை தெரியக் கூடாது.”

இன்னும் இரண்டு தடவை சொல்லியிருக்கலாம். வாசலில் நாலு பேர் காத்திருந்தார்கள். கேட்டதைக் கொடுத்து அனுப்பு என்பது மானேஜர் பேச்சு. எனக்கு வாதாடத் தெம்பில்லை. ஒன்றாம் நம்பரையே கலக்கிப் பூசினேன். கண்ணாடியில் பார்த்து அவர் சிரித்தார். நெற்றிக்கு மேல் தொப்பி கவிழ்த்தது போல இருந்தது. ஒரு மனிதனைத் தெரிந்தே கெடுத்து அனுப்புகிறோம் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

மே கடைசியில் திரும்ப வந்தார். கழுத்தில் நாடா இல்லை. வேரைப் பார்த்தேன், ஒன்றேகால் அங்குலம் வெள்ளை. கேட்க என்ன இருக்கிறது?

“தப்பு என்னுதுதான் சார். அன்னிக்கு மூணு போட்டிருக்கணும்.”

“அந்த இன்டர்வியூ தலைமுடியால போகல மேடம். நாலு இடம் போனேன், நாலுலயும் இதே கதைதான். தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன? முந்தாநாள் வீட்ல சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

“‘இத்தனை நாள் எங்க உக்காந்து சாப்பிட்டீங்க?’ன்னு கேட்டா. அவ்வளவுதான்.”

சீப்பை எடுக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

“கறுப்பு பூரா போற மாதிரி வெட்டி விட்டுடுங்க மேடம். சாயம் வேண்டாம்.”

வெட்டினேன். ஒட்ட வெட்டிய வெள்ளை முடியில் அவர் நாற்பத்தாறு வயதுக்காரராகவே தெரிந்தார். போகும்போது, நான் கேட்காமலே படிவத்தை வாங்கி, கறுப்பை அடித்துவிட்டு ‘வெள்ளை’ என்று எழுதினார். பதினொரு வருடத்தில் அந்த இடத்தில் உண்மையை எழுதியவர் அவர் ஒருத்தர்தான்.

எனக்கு ஐம்பத்தொரு வயது. நரைத்த தலையோடு நிறம் சொல்ல நிற்கக் கூடாது என்பது கடை விதி; மூன்று வாரத்துக்கு ஒரு தடவை எனக்கும் பூசிக்கொள்ள வேண்டும். அந்தக் காகிதத்தைக் கோப்பில் வைக்கும்போது அவர் மேல் பொறாமையாக இருந்தது. வேலை போன மனிதர் மேல் பொறாமை! பிறகு உள்ளே போய் என் தலைக்கு மூன்றாம் நம்பரைக் கலக்கினேன்.